இரண்டு சீட்டுகள்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் நால்வர் ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். ஜவ்வாது மலையின் கற்திட்டைகளையும் நடுகற்களையும் பார்த்துவரவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அரசியல் பேசும் எண்ணம் எங்களில் எவருக்கும் இல்லை. காவலூரைத் தாண்டியதும் ஒரு மாணவி ஏறி எங்கள் தோழியின் பக்கத்தில் அமர்ந்தாள். மலையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சு மெதுவாகப் படிப்பைப் பற்றித் திரும்பியது.

"பி.இ.யில சீட்டு கெடச்சிடும்னு எங்க சார் சொல்றாருக்கா. அதப் படிச்சா என்ன ஆவலாம்?"

தோழிக்கு உற்சாகம் மிகுந்துவிட்டது. "எம்.பி.கூட ஆகலாம்மா" என்று தொடங்கி, ஒடிசாவில் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பழங்குடிப் பெண் இருபத்தைந்து வயதில் நாடாளுமன்றத்துக்குப் போன கதையைச் சொன்னார். மாணவி முழுவதையும் கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தச் சீட்ட அவங்களுக்கு யாருக்கா குடுத்தாங்க?"

கல்லூரியில் கிடைக்கும் இடத்துக்கும் நம் ஊரில் சீட்டு என்றுதான் பெயர்; தேர்தலில் கட்சி தரும் வாய்ப்புக்கும் அதே பெயர்தான். தோழி முதல் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாணவி கேட்டதோ இரண்டாவதைப் பற்றி. எங்கள் நால்வரிடமும் உடனடியாக விடை இல்லை. இந்தக் கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சி.

* * *

முதலில் அந்தப் பெண்ணின் கதை. சந்திராணி முர்மு 1993ஆம் ஆண்டு பிறந்தவர். ஒடிசாவின் வடக்கே இரும்புத் தாதுச் சுரங்கங்கள் நிறைந்த கியோஞ்சர் மாவட்டத்துக்காரர். புவனேசுவரத்தில் உள்ள சிக்ஷா ஓ அனுசந்தான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து 2017இல் பட்டம் பெற்றார். அதன்பின் லட்சக்கணக்கான பட்டதாரிகள் செய்வதையே அவரும் செய்தார்: போட்டித் தேர்வுகளுக்குத் தயாரானார், வேலை தேடினார். அரசியல் தம் திட்டத்திலேயே இல்லை என்று பின்னர் பேட்டிகளில் சொன்னார்.

2019 மார்ச் மாதம் அப்போதைய ஒடிசா முதலமைச்சர் நவீன் பட்நாயக், தம் பிஜு ஜனதா தளம் மக்களவைத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்குத் தரும் என்று அறிவித்தார். மாநிலத்தின் 21 தொகுதிகளில் 7 பெண்கள் நிறுத்தப்பட்டனர். கியோஞ்சர் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. படித்த, பழங்குடிப் பெண் வேட்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். வேலை தேடிக்கொண்டிருந்த சந்திராணியைக் கட்சியே தேடி வந்தது. பிரசாரத்தின் நடுவே அவரது முகத்தை ஒட்டிய போலி ஆபாசக் காணொளி ஒன்று பரப்பப்பட்டது. அவர் காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டுப் பிரசாரத்தைத் தொடர்ந்தார். ஏற்கெனவே இருமுறை அத்தொகுதியில் வென்றிருந்த பாஜகவின் அனந்த நாயக்கை 66 ஆயிரத்துக்கும் கூடுதலான வாக்குகளில் தோற்கடித்தார். பதினேழாவது மக்களவையின் மிக இளைய உறுப்பினர் அவர்தான். மக்களவைக்குப் போட்டியிட அரசியலமைப்பு விதிக்கும் குறைந்தபட்ச வயது 25. அவருக்கு அப்போது 26 நிறையச் சில வாரங்களே இருந்தன.

இதுவரை சொன்னது நாளிதழ்கள் விரும்பும் வடிவம். அவை பொதுவாகச் சொல்லாமல் விடுபவை மூன்று உண்டு.

ஒன்று, அவர் வெற்றிடத்திலிருந்து வந்தவரல்லர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹரிஹர் சோரன் 1980களில் காங்கிரசின் சார்பில் இதே தொகுதியிலிருந்து இருமுறை மக்களவைக்குச் சென்றவர். இரண்டு, அத்தொகுதியிலிருந்து சென்ற முதல் பெண்ணும் அவரல்லர். 2014இல் அதே கட்சியின் சகுந்தலா லாகுரி வென்றிருந்தார். 2019இல் அவருக்கு மறுவாய்ப்பு தரப்படவில்லை. மூன்று, 2024இல் சந்திராணிக்கும் வாய்ப்பு தரப்படவில்லை. கட்சி வேறொருவரை நிறுத்தியது. அனந்த நாயக் வென்றார். பிஜு ஜனதா தளம் மக்களவையில் ஓர் இடம்கூட இல்லாமல் போயிற்று. ஒரு பொறியாளரின் நாடாளுமன்ற வாழ்க்கை ஐந்தே ஆண்டில் நின்றது, மக்கள் அவரைத் தோற்கடிக்காமலேயே.

ஆக, மாணவியின் கேள்விக்கு முதல் விடை இது. அந்தச் சீட்டைச் சந்திராணிக்கு மூவர் சேர்ந்து கொடுத்தார்கள். தொகுதியை ஒதுக்கியது சட்டம். பெண்ணுக்கு என்று தீர்மானித்தது கட்சித் தலைமை. அவர் பெயரைக் கட்சியின் காதில் போட்டது குடும்பத்தின் பழைய தொடர்பு. பட்டம் இந்த மூன்றுக்கும் பிறகு வந்த தகுதி. சட்டம் தந்தது நிலைத்தது. கியோஞ்சர் இன்றும் பழங்குடித் தொகுதிதான். கட்சி தந்ததைக் கட்சியே எடுத்துக்கொண்டது.

* * *

இனி ஜவ்வாது மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. இங்கு வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று அவர்களது வாய்மொழி மரபு சொல்கிறது. சாமை விதைப்பார்கள், புளியும் பலாவும் தேனும் சந்தைக்கு வரும்.

பொறியியலும் இந்த மலைக்குப் புதிதல்ல. காவலூரில் 1960களின் பிற்பகுதியிலிருந்து வானாய்வகம் இயங்குகிறது. முழுக்க முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி இங்கு வந்து திறந்துவைத்தார். வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டதும் அப்போதுதான். கேம்பிரிட்ஜில் பொறியியல் படிக்கச் சென்று பட்டம் பெறாமல் திரும்பியவர் ராஜீவ். பட்டம் பெறாத பொறியாளர் பிரதமராகி இம்மலைக்கு வந்தார். பட்டம் பெற்ற பொறியாளர் இம்மலையிலிருந்து தில்லிக்குப் போக வழி இருக்கிறதா என்பதுதான் பேருந்தில் எழுந்த கேள்வி.

முதல் சீட்டுக்கு வழி இருக்கிறது. அதை நாம் நன்றியோடு சொல்லவேண்டும். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943ஆம் ஆண்டு அ. லலிதா பட்டம் பெற்றபோது, அந்தப் பட்டச் சான்றிதழில் ஆணைக் குறித்து அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதினார்கள் என்பார்கள். பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு படிக்க வந்தவர் அவர். அச்சில் இடமே இல்லாத நிலையிலிருந்து, பொறியியல் வகுப்பில் பெண்கள் நிறைந்திருப்பது செய்தியே அல்ல என்ற நிலைக்குத் தமிழ்நாடு வந்திருக்கிறது. பழங்குடியினருக்கு 1990 முதல் தனியாக 1 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. மலைப்பள்ளியின் ஆசிரியர் தம் மாணவியிடம் "சீட்டு கிடைத்துவிடும்" என்று துணிந்து சொல்ல முடிகிறதென்றால் அதன் பின்னால் இத்தனை ஆணைகளும் சட்டங்களும் நிற்கின்றன.

தேர்வு எழுதித் திறக்கும் வாசல் எதையும் இந்த மலைப்பெண்கள் விட்டுவைப்பதில்லை என்பதற்குச் சான்றும் நம் கண்முன் இருக்கிறது. ஜவ்வாது மலை புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் காரில் சென்னை சென்று உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதி வென்ற செய்தியை 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாடியவர்களில் நாமும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வினாத்தாள் இருந்தது, மதிப்பெண் இருந்தது, தரவரிசை இருந்தது. இரண்டாவது சீட்டுக்கு வினாத்தாள் கிடையாது.

* * *

இரண்டாவது சீட்டின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொறியியல் மாணவி காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்குதான்.

மக்களவையிலும் சட்டமன்றத்திலும் பழங்குடியினருக்கான இடங்கள் அந்தந்த மாநில மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கை ஒட்டி அமையவேண்டும் என்று அரசியலமைப்பின் 330, 332ஆம் பிரிவுகள் சொல்கின்றன. நடப்பிலுள்ள தொகுதி எல்லைகள் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து 2008இல் வரையப்பட்டவை. 2001இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. அதில் பழங்குடியினர் 6,51,321. அதாவது ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல். சட்டமன்றத்தின் 234 இடங்களில் இதன் பங்கு 2.44. எனவே ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு தொகுதிகள். அதற்கு முன் உப்பிலியபுரமும் சேர்ந்து மூன்று இருந்தன, ஒன்று குறைந்தது. மக்களவையின் 39 இடங்களில் பங்கு 0.41. எனவே பூச்சியம்.

2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் 7,94,697 பேர். அதை வைத்துப் பார்த்தால் சட்டமன்றப் பங்கு 2.58 ஆகிறது. மக்களவைப் பங்கு 0.43. அரையைத் தொட இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒடிசாவில் பழங்குடியினர் 22.8 விழுக்காடு, 21 இடங்களில் 5 அவர்களுக்கு. சந்திராணியின் கதையும் ஜவ்வாது மலை மாணவியின் கதையும் பிரியும் இடம் இந்தத் தசமப் புள்ளிதான். அறிவிலோ உழைப்பிலோ அல்ல.

மலை பிரிந்து கிடக்கும் விதமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஜவ்வாது மலையின் ஊர்கள் கலசபாக்கம், திருப்பத்தூர், அணைக்கட்டு ஆகிய சட்டமன்றத் தொகுதிகளில் சிதறியிருக்கின்றன. மூன்றுமே பொதுத் தொகுதிகள். முதல் இரண்டும் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியிலும் அணைக்கட்டு வேலூரிலும் சேர்கின்றன. 2011இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் சுமார் 91 ஆயிரம் பழங்குடியினரும், அன்றைய ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தில் சுமார் 73 ஆயிரம் பேரும் இருந்தனர். ஒவ்வொரு மக்களவைத் தொகுதியிலும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கையில், இரண்டாகப் பிரிந்த மலையின் வாக்கு வெற்றியைத் தீர்மானிப்பது அரிது. திருவண்ணாமலை 2014இல் ஒரு பெண்ணை, அதிமுகவின் வனரோஜாவை, மக்களவைக்கு அனுப்பியிருக்கிறது. ஆகப் பெண் என்பது அங்கே தடையாக இருக்கவில்லை. மலை என்பதுதான் தடை.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னரே அது நடப்புக்கு வரும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்ததையும் அறிவோம். பழங்குடிப் பெண்களுக்கு அது தரும் தனிப் பங்கு, பழங்குடியினருக்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட இடங்களில் மூன்றில் ஒன்று. தமிழ்நாட்டின் மக்களவை இடங்களில் அந்த எண்ணிக்கை பூச்சியம். பூச்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணக்கிடப் பொறியியல் தேவையில்லை.

* * *

இடம் கிடைத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை மலைப்பாதையில் இருக்கிறது.

2023 மே மாதம், இதே ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்தில், அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேருமுன் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் மலையடியில் நின்றுவிட, தாய் பிள்ளையைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் நடந்தார். செய்தி வந்தது, அதிர்ச்சி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள்.

ஒரு மலைச்சாலை என்பது பொறியியலா, அரசியலா? சரிவு எவ்வளவு இருக்கலாம், எந்த வளைவில் பேருந்து திரும்பும், எங்கே சிறுபாலம் வேண்டும் என்பதெல்லாம் பொறியியல். அந்த நிலம் காப்புக்காடாக இருக்கும்போது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி இசைவு வாங்குவதும், பணம் ஒதுக்குவிப்பதும் அரசியல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, சாலை போன்ற பதிமூன்று வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, கிராம சபையின் பரிந்துரையின்பேரில் விடுவிக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. நீளமான சாலைக்கு ஒரு ஹெக்டேர் போதாது. எந்தத் துண்டை எப்படி வரைந்தால் சட்டத்துக்குள் நிற்கும் என்று பார்க்க வரைபடம் படிக்கத் தெரியவேண்டும். கிராம சபையைக் கூட்டி அதை விளக்க அந்த ஊர்ப் பேச்சு தெரியவேண்டும். கோப்பு தில்லியில் எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க ஒரு பதவி வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு நினைவும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றனர். மாண்டவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தனர். வழக்குகள் நடந்தன, மனித உரிமை அமைப்புகள் பேசின, கட்சிகள் அறிக்கை விட்டன. அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வாக்கால் வென்றவர், எங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டியவர் என்று மலை விரல் நீட்டிக் காட்ட நாடாளுமன்றத்தில் ஒருவர் இருந்தாரா? இரக்கத்தால் பேசுகிறவர் களைத்துப்போனால் நிறுத்திவிடலாம். கணக்குச் சொல்ல வேண்டியவர் நிறுத்த முடியாது.

* * *

எங்கள் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடுமையாக மறுத்தார். அவருடைய வாதத்தையும் இங்கே வைப்பது முறை.

"சந்திராணியின் கதையே உங்களுக்கு எதிரான சாட்சி. கட்சி கூப்பிட்டது, வந்தார். கட்சி விட்டது, போனார். இடையில் கொறடாவின் உத்தரவை மீறி அவர் ஒரு வாக்குகூடப் போட்டிருக்க முடியாது. 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் அதற்கு இடம் தராது. ஒதுக்கீட்டுத் தொகுதிகளின் உறுப்பினர்கள் பலர் தம் மக்களைவிடத் தம் தலைமைக்கே கடன்பட்டவர்கள். இன்னொரு நாற்காலியைச் சேர்த்து என்ன பயன்?"

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கியோஞ்சரில் அடுத்தடுத்து இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு தவணை என்று மாற்றப்பட்டதைப் பார்த்தால் கட்சிகள் புதுமுகப் பெண்களை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பது தெரிகிறது. கட்சிக்குள் வேரூன்றும் முன்பே பிடுங்கி நட்டுவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதில் நுழைந்து முப்பதில் வெளியேறியவரைப் பார்த்து "பெரிதாக என்ன சாதித்தார்?" என்று கேட்பது எளிது. தந்தையின் தொகுதியில் நின்று மூன்று தவணையாக வாய் திறக்காத ஆண் உறுப்பினரை நோக்கி இக்கேள்வி இதே வேகத்தில் எழுவதில்லை.

ஆனால் மறுபாதியையும் பார்க்க வேண்டும். சந்திராணியைப் போலவே சந்தால் பழங்குடியினரான திரௌபதி முர்மு, பக்கத்து மயூர்பஞ்ச் மாவட்டத்துக்காரர். ஒடிசா அரசின் நீர்ப்பாசன, மின்சாரத் துறையில் இளநிலை உதவியாளராக வேலையைத் தொடங்கியவர். 1997இல் ராய்ரங்பூர் நகர மன்ற உறுப்பினர், 2000இல் சட்டமன்ற உறுப்பினர், பிறகு அமைச்சர், 2015இல் ஜார்க்கண்ட் ஆளுநர், 2022இல் குடியரசுத் தலைவர். கியோஞ்சரிலிருந்தே வந்த மோகன் சரண் மாஜி 2024இல் ஒடிசாவின் முதலமைச்சரானார். அவரும் சந்தால். தொகுதி என்ற படி இருக்கும் இடத்தில் ஒருவர் சறுக்கினாலும் இன்னொருவர் ஏறுகிறார். படியே இல்லாத இடத்தில் சறுக்குவதற்குக்கூட வாய்ப்பில்லை. ஒதுக்கீடு நல்ல தலைவரை உறுதி செய்வதில்லை. தலைவர் உருவாகக்கூடிய களத்தை மட்டுமே உறுதி செய்கிறது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பெண்கள் அரசியலுக்கு வந்த வழிகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை சட்டமன்றத்துக்குச் சென்றார். 2019இல் தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்ற கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி மூவரும் எழுத்துலகில் அறியப்பட்டவர்கள். இலக்கியம் படிக்கும் நமக்கு அது தனிப் பெருமையாகவும் இருந்தது. 2024இல் அம்மூவரோடு ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் சேர்ந்தனர். மருத்துவம், சட்டம், எழுத்து, பேராசிரியப் பணி ஆகியவை மக்களோடு பேசும் தொழில்கள்; அவற்றிலிருந்து மேடைக்கு ஒரு பாதை இருக்கிறது. பொறியியலை நாம் அப்படி வளர்க்கவில்லை. ஊரைவிட்டுப் போகும் பயணச்சீட்டாகவே அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மலைப்பிள்ளை படித்தால் ஓசூருக்கோ சென்னைக்கோ போவாள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அவள் திரும்பி வந்து தன் மலைக்குச் சாலை கேட்பாள் என்று நினைப்பதில்லை.

* * *

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடங்கள் என்பதைப் பற்றி மாநிலம் முழுவதும் பேசியாயிற்று. தெற்கின் பங்கு குறையக்கூடாது என்ற கவலை நியாயமானது. அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மாநிலத்துக்குப் பங்கு கேட்கும் நாம், மாநிலத்துக்குள் பங்கு கிடைக்காதவர்களையும் எண்ண வேண்டும். 0.43 என்பதைப் பூச்சியமாகத்தான் எழுத வேண்டும் என்று கணிதம் சொல்லலாம். நீதி அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளின் மக்களில் மிகப் பலர் ஒரே பழங்குடிப் பெயரைத் தாங்கியவர்கள். அவர்களைப் பல தொகுதிகளின் ஓரங்களாக வைத்திருக்காமல், குறைந்தபட்சம் ஒரு மலையையாவது ஒரே தொகுதிக்குள் வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் கட்சிகளுக்கு இல்லை. பொதுத் தொகுதியில் பழங்குடியினர் நிற்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் இருக்கின்றன. அங்கே பழங்குடியினருக்கு ஒதுக்கீடு இல்லை, தடையும் இல்லை. மலைவாக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவேண்டிய தேவையும் அந்தத் தேர்தலில் இல்லை. ஒடிசாவில் ஒரு தலைவர் மூன்றில் ஒரு பங்கு என்று அறிவித்ததும் கட்சிக்காரர்கள் வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தேடிப் போனார்கள். இங்கும் ஓர் அறிவிப்பு வந்தால் தேடிப் போவார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

ஊராட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. மலையூராட்சிகளில் பெண்கள் தலைவர்களாக இருந்து பழகிவிட்டார்கள். ஊராட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடுவில்தான் படிகள் இல்லை.

ஜமுனாமரத்தூர் வந்ததும் அந்த மாணவி எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டாள். தோழி ஜன்னல் வழியாக, "சீட்டு கெடச்சதும் ஃபோன் பண்ணும்மா" என்று எண்ணை எழுதிக் கொடுத்தார். எந்தச் சீட்டு என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கலந்தாய்வு முடிந்தபின் அழைப்பு வரும் என்று காத்திருக்கிறோம். முதல் சீட்டு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. இரண்டாவதற்கு அவளைப் படிக்கச் சொல்லிப் பயனில்லை. அங்கே தேர்வு எழுதவேண்டியவர்கள் நாம்தான்.